பிக்கப் வண்டி எஞ்சினும் நமது அச்சமும்



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட பொருள், தோட்டத்துப் பாதையில் நாள்தோறும் நம் கண்முன் ஓடிக்கொண்டிருப்பது. நம்மவர்கள் ‘போர்வீல்’ என்று அழைக்கும் பிக்கப் வண்டிதான் அது. ஒரு காலத்தில் தோட்ட நிர்வாகியும் அலுவலகமும் மட்டுமே வைத்திருந்த வண்டி அது. இன்று செம்பனைக் குலை ஏற்றும் குத்தகைக்காரர், புல் வெட்டும் வேலையை எடுத்துச் செய்பவர், காய்கறி பயிரிடுபவர், ஆடு கோழி வளர்ப்பவர் என்று நம் குடும்பங்களிலேயே பலர் அதை வாங்கியிருக்கிறார்கள். சிலர், வாழ்நாளெல்லாம் உழைத்துச் சேர்த்த சேமநிதிப் பணத்தை அதில் போட்டிருக்கிறார்கள். சிலர் ஒன்பது ஆண்டுத் தவணைக்குக் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். அப்படிப்பட்ட வீட்டில் வண்டியின் எஞ்சின் நின்றால், மாதத் தவணை நிற்காது. மளிகைக் கடன் நிற்காது. வருமானம் மட்டும் நின்றுவிடும்.

ஆகையால் இந்த எஞ்சினைப் பற்றி நம்மிடையே நிறையப் பேச்சு இருப்பதில் வியப்பில்லை. தேநீர்க் கடையிலும் கோவில் வாசலிலும் இரண்டு விதமான பேச்சுகளைக் கேட்கிறோம். “இந்தக் காலத்து எஞ்சின் எல்லாம் பொம்மை. அந்தக் காலத்து எஞ்சினைப் போல வராது” என்பது ஒரு பேச்சு. “ஜப்பான்காரன் செய்தது, எதுவும் பார்க்காமலே இருபது வருடம் ஓடும்” என்பது மற்றொரு பேச்சு. முதல் பேச்சை நம்பியவர் தேவையில்லாத செலவைச் செய்கிறார். இரண்டாவது பேச்சை நம்பியவர் தேவையான செலவைச் செய்யாமல் விடுகிறார். இருவருக்கும் நட்டம்தான். எனவே, எஞ்சினில் உண்மையாகவே இருக்கும் குறை எது, நாம் குறை என்று நினைத்துக்கொள்வது எது என்பதைப் பிரித்துப் பார்க்கக் கற்றுக்கொள்வது பயனுள்ளது.

முதலில் டீசல் எஞ்சின் எப்படி வேலை செய்கிறது என்பதைச் சுருக்கமாகப் பார்ப்போம். சைக்கிளுக்குக் காற்றடிக்கும் பம்பின் அடிப்பகுதியைத் தொட்டுப் பார்த்திருப்பீர்கள். சற்று நேரம் அடித்ததும் அது சூடாகிவிடும். காற்றை அழுத்தினால் சூடு பிறக்கும் என்பதே அதற்குக் காரணம். ருடால்ஃப் டீசல் என்ற ஜெர்மன் பொறியாளர் இந்த உண்மையைப் பயன்படுத்தி 1897ஆம் ஆண்டில் தமது எஞ்சினை ஓட்டிக் காட்டினார். சிலிண்டருக்குள் காற்று மிகவும் அழுத்தப்பட்டுச் சூடேறுகிறது. அந்தச் சூட்டில் எண்ணெயைத் தெளித்தவுடன் அது தானாகவே பற்றிக்கொள்கிறது. பெட்ரோல் வண்டியில் இருப்பதைப் போல் தீப்பொறி தரும் பிளக் இதற்குத் தேவையில்லை. அன்றும் இன்றும் அடிப்படை இதுதான். மாறியிருப்பது எண்ணெயைத் தெளிக்கும் முறை.

டொயோட்டா நிறுவனத்தின் ஹைலக்ஸ் வண்டி 1968ஆம் ஆண்டில் வெளிவந்தது. பின்னர் 1980களிலும் 1990களிலும் நம் தோட்டங்களில் ஓடிய டீசல் பிக்கப்புகளில், எண்ணெயைத் தெளிக்கும் முனை ஏறக்குறைய நூற்றைம்பது வளிமண்டல அழுத்தத்தில் திறந்துகொள்ளும். இன்றைய ‘காமன் ரெயில்’ எஞ்சின்களில் அந்த அழுத்தம் 1,600 முதல் 2,000 வரை, சிலவற்றில் அதற்கும் மேலே, போகிறது. இது எவ்வளவு பெரிய அழுத்தம்? கடலில் 10 மீட்டர் ஆழம் இறங்கினால் ஒரு வளிமண்டல அழுத்தம் கூடும். அந்தக் கணக்கில் 2,000 வளிமண்டல அழுத்தம் வேண்டுமானால் 20 கிலோமீட்டர் ஆழம் இறங்க வேண்டும். உலகின் மிக ஆழமான கடற்பள்ளமே ஏறத்தாழ 11 கிலோமீட்டர்தான். அத்தனை அழுத்தத்துடன் எண்ணெய் வெளியேறும் துளையின் அகலம் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு அளவே. எப்போது, எவ்வளவு தெளிக்க வேண்டும் என்பதைக் கணினி ஒன்று கணக்கிட்டுச் சொல்கிறது.

இதனால் நமக்குக் கிடைத்த நன்மை என்ன? பழைய ஹைலக்ஸ் வண்டியில் இருந்த 2.4 லிட்டர் டீசல் எஞ்சினின் இழுவிசை ஏறத்தாழ 165 நியூட்டன் மீட்டர். 2015ஆம் ஆண்டு முதல் வந்த 2.4 லிட்டர் எஞ்சினின் இழுவிசை, தானியங்கிக் கியர் வண்டியில், 400 நியூட்டன் மீட்டர். எஞ்சினின் அளவு ஒன்றே. இழுவை இரு மடங்குக்கும் மேல். “எஞ்சின் சின்னதாகிவிட்டது, இழுக்காது” என்று சொல்வது எவ்வளவு தவறு என்பது இந்த ஒரு கணக்கிலேயே தெரியும். இசுசு நிறுவனத்தின் டி-மேக்ஸ் வண்டியில் வந்த 1.9 லிட்டர் எஞ்சினின் இழுவிசையும் 350 நியூட்டன் மீட்டர். சிறிய எஞ்சின் பெரிய வேலை செய்கிறது.

ஆனால் இதற்கு ஒரு விலை உண்டு. அழுத்தம் கூடக்கூட, துளை சிறுக்கச் சிறுக்க, அழுக்குக்கும் தண்ணீருக்கும் இடம் குறைகிறது. பழைய எஞ்சின் மண்ணையும் தண்ணீரையும் ஓரளவு பொறுத்துக்கொண்டது. கொஞ்சம் கரும்புகை விட்டுக்கொண்டே ஓடியது. சாலையோரத்தில் வைத்து ஸ்பேனரும் சுத்தியலும் கொண்டு சரிசெய்யவும் முடிந்தது. புதிய எஞ்சின் சுத்தமான எண்ணெய் கிடைக்கும் வரை வலுவாக ஓடும். அழுக்கு எண்ணெய் கிடைத்தால் விரைவில் முடங்கும். பழைய எஞ்சினைப் புகழ்பவர் சொல்வதில் உண்மை இருப்பது இந்த ஒரு இடத்தில்தான்.

இனி நமது எண்ணம் எப்படி உருவாகிறது என்று பார்ப்போம். இங்கேதான் பலரும் வழி தவறுகிறார்கள்.

முதற்காரணம், கெட்ட செய்திக்குக் கால்கள் அதிகம். நூறு பேர் ஒரே வகை வண்டியை வைத்திருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். மூன்று பேர் வண்டியில் பழுது ஏற்படுகிறது. அந்த மூவரும் பார்க்கும் ஆளிடமெல்லாம் சொல்வார்கள். மற்ற தொண்ணூற்றேழு பேரும், “இன்றைக்கும் என் வண்டி ஒழுங்காக ஓடியது” என்று யாரிடமாவது சொல்வார்களா? சொல்ல மாட்டார்கள். காதில் விழுவது மூன்று குரல்கள் மட்டுமே. ஆகவே அந்த வகை வண்டி முழுவதுமே மோசம் என்று நாம் முடிவு கட்டிவிடுகிறோம்.

இரண்டாவது காரணம், எண்ணிக்கையை விகிதமாகப் பார்க்காதது. ஒரு வட்டாரத்தில் ஒரு வகை வண்டி 60 இருக்கிறது. மற்றொரு வகை 5 இருக்கிறது. முதல் வகையில் மூன்று வண்டிகளும், இரண்டாம் வகையில் ஒரு வண்டியும் பட்டறைக்கு வந்தன. “பட்டறையில் பார்த்தேன், அந்த வகைதான் மூன்று நிற்கிறது” என்பார் ஒருவர். கணக்குப் போட்டுப் பார்த்தால், முதல் வகையில் நூற்றுக்கு 5. இரண்டாம் வகையில் நூற்றுக்கு 20. நான்காம் வகுப்புப் பிள்ளை போடும் கணக்குதான் இது. ஆனால் ஆயிரக்கணக்கான ரிங்கிட் போட்டு வண்டி வாங்கும்போது நாம் இதைப் போட்டுப் பார்ப்பதில்லை.

மூன்றாவது காரணம், எஞ்சி நிற்பதை மட்டும் பார்ப்பது. முப்பது ஆண்டுக்கு முந்திய பிக்கப் ஒன்று இன்னமும் ஓடுவதைப் பார்த்து, “அந்தக் காலத்து வண்டி எல்லாம் இரும்பு” என்கிறோம். அதே ஆண்டில் வெளிவந்து, ஹெட் வெடித்தும், பிஸ்டன் தேய்ந்தும், பழைய இரும்புக் கடைக்குப் போன வண்டிகள் நம் கண்ணுக்குத் தெரிவதில்லை. தொண்ணூறு வயதுப் பாட்டி ஒருவரைப் பார்த்துவிட்டு, அந்தக் காலத்தில் எல்லாருமே தொண்ணூறு வரை வாழ்ந்தார்கள் என்று சொல்வதைப் போன்றது இது.

நான்காவது காரணம், குறை என்ற ஒரே சொல்லுக்குள் எல்லாவற்றையும் அடக்குவது. அமெரிக்காவில் ஜே.டி.பவர் என்ற நிறுவனம் மூன்று ஆண்டு ஓடிய வண்டிகளின் உரிமையாளர்களைக் கேட்டு, நூறு வண்டிக்கு எத்தனை குறைகள் என்று ஆண்டுதோறும் கணக்கிடுகிறது. 2024ஆம் ஆண்டு வெளியான கணக்கில் நூறு வண்டிக்கு 190 குறைகள். இதைக் கேட்டதும், ஒவ்வொரு வண்டியும் இரண்டு முறை நடுச்சாலையில் நின்றுவிட்டது போலத் தோன்றும். ஆனால் அந்த 190இல் ஏறத்தாழ 49, வண்டிக்குள் இருக்கும் திரை, தொலைபேசி இணைப்பு போன்ற பொழுதுபோக்கு, தகவல் சாதனங்களைப் பற்றியவை. கைத்தொலைபேசி வண்டியோடு இணையவில்லை என்பதும் ஒரு குறை. எஞ்சின் உடைந்தது என்பதும் ஒரு குறை. எண்ணிக்கையில் இரண்டும் ஒன்றுதான். நம் பணப்பைக்கு இரண்டும் ஒன்றாகுமா?

ஐந்தாவது காரணம், எச்சரிக்கை விளக்கு. பழைய வண்டியில் கோளாறு ஏற்பட்டால் வண்டி வாய் திறக்காது. எஞ்சின் உள்ளுக்குள் கெட்டு ஒருநாள் நின்றுவிடும். புதிய வண்டியில் பல உணர்கருவிகள் இருக்கின்றன. ஏதாவது அளவு மாறினால் உடனே மஞ்சள் விளக்கு எரிகிறது. சில வேளைகளில் எஞ்சினைக் காப்பாற்றுவதற்காகக் கணினியே இழுவையைக் குறைத்துவிடுகிறது. ஓட்டுபவருக்கோ, “எஞ்சின் போய்விட்டது” என்ற பயம். விளக்கு எரிவதை நோய் என்று எண்ணக் கூடாது. காய்ச்சல் அளக்கும் கருவி காட்டும் அளவு போன்றது அது.

இவற்றோடு, கெடுதல் இல்லாத சில அடையாளங்களும் நம்மை அச்சுறுத்துகின்றன. புதிய எண்ணெய் ஊற்றிய சில நாட்களிலேயே அது கறுத்துவிடுகிறது என்று பலர் கவலைப்படுகிறார்கள். டீசல் எஞ்சினில் கரித்தூள் எண்ணெயில் கலப்பது இயல்பு. அந்தக் கரியைத் தன்னிடம் வாங்கித் தாங்கிக்கொள்வது எண்ணெயின் வேலைகளில் ஒன்று. எண்ணெய் கறுத்தால் அது வேலை செய்கிறது என்றே பொருள். காலையில் எஞ்சினைத் தட்டியவுடன் ‘டக டக’ என்ற ஒலி சற்றுக் கூடுதலாகக் கேட்பதும், டர்போ மெல்ல விசில் அடிப்பது போன்ற ஒலி தருவதும் இயல்பே. நேற்று வரை இல்லாத ஒலி இன்று புதிதாக வந்தால் மட்டுமே கவனிக்க வேண்டும்.

இவ்வளவும் சொன்னதால், குறை கூறுபவர்கள் எல்லாரும் வீணாகப் பயப்படுகிறார்கள் என்று எண்ணிவிடக் கூடாது. பெரிய நிறுவனங்களும் தவறு செய்கின்றன. அமெரிக்காவில் 2024ஆம் ஆண்டில் டொயோட்டா நிறுவனம் டுண்ட்ரா பிக்கப் உட்பட ஏறத்தாழ ஒரு இலட்சம் வண்டிகளைத் திரும்ப அழைத்தது. எஞ்சினைக் கடைந்து செய்தபோது உண்டான உலோகத் துணுக்குகள் சிலவற்றினுள் தங்கிவிட்டன என்பதே காரணம். 2025ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம், 6.2 லிட்டர் பெட்ரோல் எஞ்சின் பொருத்திய ஏறத்தாழ 6 இலட்சம் பிக்கப்புகளையும் பெரிய வண்டிகளையும் அங்கே திரும்ப அழைத்தது. எஞ்சினின் சுழல்தண்டிலும் அதோடு இணைந்த தண்டுகளிலும் செய்முறைக் குறை இருந்தது. ஆனால் குறை உண்மையாகவே இருக்கக்கூடியவை நூற்றுக்கு மூன்று என்று மதிப்பிட்டார்கள். ஆறு இலட்சத்தில் மூன்று விழுக்காடு என்றால் 18,000 குடும்பங்கள். அவர்களுக்கு அது சிறிய தொல்லை அல்ல. அதே நேரத்தில், தொண்ணூற்றேழு விழுக்காட்டினரின் எஞ்சினில் அந்தக் குறை இல்லை என்பதும் உண்மை.

ஆஸ்திரேலியாவில் நடந்த வழக்கு ஒன்றும் நினைவில் வைக்கத்தக்கது. 2015 அக்டோபர் முதல் 2020 ஏப்ரல் வரை அங்கே விற்கப்பட்ட 2 இலட்சத்து 60 ஆயிரத்துக்கும் மேற்பட்ட டொயோட்டா டீசல் வண்டிகளில், புகையிலுள்ள கரியைப் பிடிக்கும் வடிகட்டி அமைப்பில் குறை இருந்தது என்று கூட்டாட்சி நீதிமன்றம் 2022ஆம் ஆண்டில் தீர்ப்பளித்தது. ஹைலக்ஸ் வண்டியும் அவற்றில் ஒன்று. உரிமையாளர்கள் வெள்ளைப் புகை வருகிறது, நாற்றம் அடிக்கிறது என்று சொல்லிக்கொண்டே இருந்தார்கள். அது வீண் புகாராக இருக்கவில்லை. எனவே, கண்ணால் கண்டதும் பொய், காதால் கேட்டதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்று நம் முன்னோர் சொன்னது எஞ்சினுக்கும் பொருந்தும்.

சரி, நம் நாட்டில், நம் தோட்டப் பாதையில் ஓடும் வண்டிகளுக்கு உண்மையான எதிரிகள் யாவை? அவற்றைச் சற்று விரிவாகவே பார்ப்போம்.

முதல் எதிரி, டீசலில் கலந்த தண்ணீரும் அழுக்கும். தோட்டங்களில் டிரம்மில் டீசல் வைத்துக் கைப்பம்பால் இறைத்து ஊற்றும் பழக்கம் பலரிடம் இருக்கிறது. வெயிலில் சூடாகி இரவில் குளிரும் டிரம்மினுள் நீர் வேர்க்கிறது. மழையில் மூடியோரமாகவும் நீர் இறங்குகிறது. நீர் கனமானதால் அடியில் தங்கும். டிரம் காலியாகும் நேரத்தில் அடிமட்டத்தை இறைத்து ஊற்றினால், அத்தனை நீரும் துருவும் வண்டிக்குள் போய்ச் சேரும்.

இன்னொரு செய்தியும் உண்டு. நாம் வெட்டிய செம்பனைக் குலையிலிருந்து கிடைக்கும் எண்ணெய், இன்று வண்டியின் டீசலிலும் கலந்திருக்கிறது. 2019ஆம் ஆண்டு முதல் நம் நாட்டில் போக்குவரத்துக்கான டீசலில் நூற்றுக்குப் பத்துப் பங்கு செம்பனை உயிரெண்ணெய் கலக்கும் திட்டம் நடப்புக்கு வந்தது. பி10 என்று சொல்வது இதைத்தான். “செம்பனை எண்ணெய் எஞ்சினைக் கெடுக்கிறது” என்று சிலர் சொல்லக் கேட்கிறோம். நடப்பது வேறு. உயிரெண்ணெய்க்கு, டாங்கியின் உட்புறத்தில் நெடுங்காலமாகப் படிந்திருக்கும் கசடைக் கரைத்து இறக்கும் தன்மை உண்டு. சாதாரண டீசலைவிட அது நீரைக் கூடுதலாக ஈர்த்துக்கொள்ளும். ஆகவே பழைய வண்டிக்கு அது முதலில் போகும்போது டீசல் வடிகட்டி விரைவில் அடைபடும். எஞ்சின் மூச்சுத் திணறும். வடிகட்டியை மாற்றினால் பெரும்பாலும் சரியாகிவிடும். டீசல் வண்டியை மாதக்கணக்கில் ஓட்டாமல் நிறுத்தி வைப்பதும் இதனால் நல்லதல்ல.

நமக்குத் தெரிந்த ஒருவர், மேட்டில் ஏறும்போது இழுவை இல்லை என்று வண்டியை ஒரு பட்டறைக்குக் கொண்டுபோனார். பார்த்தவர், எஞ்சின் முடிந்துவிட்டது, ‘ஹாஃப் கட்’ எஞ்சின் போட வேண்டும் என்று சொல்லிவிட்டார். மனைவியின் நகையை அடகு வைக்கும் நிலை வந்தது. அதற்கு முன் வேறொரு போர்மேனிடம் காட்டியதில், டீசல் வடிகட்டி சேறு போல அடைத்திருந்தது தெரிந்தது. சின்னஞ்சிறு செலவில் வண்டி மேடு ஏறியது. நகை வீட்டிலேயே இருந்தது.

இரண்டாவது எதிரி, செம்மண் தூசி. வறண்ட மாதங்களில் லாரிக்குப் பின்னால் ஓடும் பிக்கப் தூசியைத்தான் சுவாசிக்கிறது. காற்று வடிகட்டி அடைத்தால் கரும்புகை வரும், இழுவை குறையும், டீசல் செலவு கூடும். கிழிந்த வடிகட்டியோ அதைவிடக் கேடு. அதன் வழியே போகும் நுண்மணல் டர்போவின் இறக்கைகளையும் சிலிண்டர் சுவரையும் தேய்த்துவிடும்.

மூன்றாவது எதிரி, ஓடாமல் ஓடுவது. இது என்ன விந்தை என்று கேட்பீர்கள். ஆலை வாசலில் எடைக்காக இரண்டு மணி நேரம் எஞ்சினை அணைக்காமல் குளிரூட்டியோடு காத்திருக்கிறோம். கிலோமீட்டர் காட்டும் எண்ணில் ஒன்றுகூடக் கூடுவதில்லை. ஆனால் எஞ்சின் எண்ணெய் இரண்டு மணி நேரம் உழைத்திருக்கிறது. பிறகு கிலோமீட்டரை மட்டும் பார்த்து, எண்ணெய் மாற்ற இன்னும் நாள் இருக்கிறது என்று எண்ணிக்கொள்கிறோம். தூசி, பளு, நீண்ட நேரம் நின்றபடி ஓடுதல், குறுகிய தூர ஓட்டம் ஆகியவற்றைக் ‘கடுமையான பயன்பாடு’ என்பார்கள். வண்டியின் கையேட்டில் அதற்குக் குறுகிய தவணையைக் குறிப்பிட்டிருப்பார்கள். நம் தோட்ட வாழ்க்கையில் பெரும்பாலான வண்டிகளுக்குப் பொருந்துவது அந்தக் குறுகிய தவணைதான்.

கரி வடிகட்டி பொருத்திய வண்டி வைத்திருப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். அந்த வடிகட்டியில் சேர்ந்த கரியை, ஏறத்தாழ 600 பாகை செல்சியஸ் சூட்டில் வண்டி தானே எரித்துக்கொள்ளும். அதற்குத் தடையில்லாத நெடுஞ்சாலை ஓட்டம் வேண்டும். லயத்திலிருந்து கடைவரை, கடையிலிருந்து லயம்வரை என்றே ஓடினால் கரி எரிய நேரமில்லை. எரிக்கத் தெளித்த டீசல் எஞ்சின் எண்ணெயில் கலந்து, எண்ணெயின் மட்டம் குறைவதற்குப் பதிலாக ஏறத் தொடங்கும். அளவுக்கோலில் எண்ணெய் கூடியிருப்பதைப் பார்த்து மகிழ்ந்துவிடாதீர்கள். அது நீர்த்துப்போன எண்ணெய். உடனே காட்ட வேண்டும்.

நான்காவது எதிரி, அளவுக்கு மீறிய பளு. பொதுவாக இத்தகைய பிக்கப்புகள் ஏறத்தாழ ஒரு டன் பளுவுக்கே செய்யப்பட்டவை. ஒரு குலை 20 கிலோ என்று வைத்தால், 50 குலை ஒரு டன். எண்பது குலை ஏற்றி மேட்டில் இழுத்துவிட்டு, எஞ்சின் சூடாகிறது என்று குறை சொன்னால் குறை எஞ்சினுடையதா? அப்படிப் பளு இழுத்து வந்து நிறுத்தியவுடன் சாவியைத் திருப்பி அணைப்பதும் தவறு. டர்போ நிமிடத்துக்கு ஒரு இலட்சம் சுற்றுக்கும் மேல் சுழலக்கூடியது; அதைத் தாங்குவது எண்ணெயின் மெல்லிய படலம். ஓரிரு நிமிடம் எஞ்சினை மெல்ல ஓடவிட்டு அணைத்தால் அது குளிர்ந்துகொள்ளும்.

ஐந்தாவது எதிரி, வெள்ளம். காற்றை அழுத்தலாம், தண்ணீரை அழுத்த முடியாது. காற்று இழுக்கும் குழாய் வழியே நீர் சிலிண்டருக்குள் புகுந்தால் உள்ளிருக்கும் இரும்புத் தண்டே வளைந்துவிடும். நீரில் நின்றுபோன வண்டியை மீண்டும் மீண்டும் ஸ்டார்ட் செய்து பார்ப்பதுதான் பலருடைய எஞ்சினை முடித்திருக்கிறது. அப்படியே தள்ளிக் கரைசேர்த்துப் பட்டறைக்கு இழுத்துச் செல்லுங்கள்.

இப்போது எச்சரிக்கைகளை எப்படிப் படிப்பது என்று பார்ப்போம். சிவப்பு விளக்கு என்றால் நிறுத்து. மஞ்சள் விளக்கு என்றால் விசாரி. எண்ணெய்க் குடம் போன்ற சிவப்பு விளக்கு எரிந்தால் அந்த இடத்திலேயே எஞ்சினை அணைக்க வேண்டும். வீடு பக்கம்தானே என்று ஓட்டிய இரண்டு கிலோமீட்டரில் எஞ்சின் போய்விடலாம். சூடு ஏறினாலும் அப்படியே. ஆனால் சூட்டோடு ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது. டீசலில் தண்ணீர் இருப்பதைக் காட்டும் விளக்கு எரிந்தால், வடிகட்டியின் அடியில் உள்ள திருகைத் திறந்து நீரை வடிக்க வேண்டும்.

புகையும் பேசும். கரும்புகை, காற்று குறைவு அல்லது டீசல் அதிகம் என்று சொல்லும். நீலப்புகை, எஞ்சின் எண்ணெய் எரிகிறது என்று சொல்லும். குளிர்ந்த காலையில் சிறிது நேரம் வரும் வெண்புகை கவலைக்குரியது அல்ல. எஞ்சின் சூடான பிறகும் அது நிற்காமல் வந்து, ரேடியேட்டரில் தண்ணீரும் குறைந்தால் கவலைக்குரியது.

பட்டறைக்குப் போகும்போது மூன்று கேள்விகளைக் கேட்கத் தயங்காதீர்கள். கணினியில் என்ன குறியீடு காட்டுகிறது? எந்தச் சோதனையைச் செய்து பார்த்து இந்த முடிவுக்கு வந்தீர்கள்? கழற்றிய பழைய பாகத்தைக் காட்ட முடியுமா? நேர்மையான போர்மேன் இந்தக் கேள்விகளால் கோபப்பட மாட்டார். இஞ்செக்டர் கெட்டது என்றால், நான்கையும் சோதனை மேடையில் வைத்துப் பார்த்து எது கெட்டது என்று சொல்ல முடியும். பெரிய செலவு என்றால் இரண்டாவது ஆளிடம் காட்டுவதில் வெட்கம் இல்லை. பெரிய நோய்க்கு இன்னொரு மருத்துவரையும் நாம் பார்க்கிறோம் அல்லவா?

இறுதியாக, ஐம்பது காசு செலவில்லாத ஒரு மருந்து சொல்கிறோம். பிள்ளைகளின் பழைய பள்ளிப் புத்தகத்தில் மீந்த தாள்களைத் தைத்து, வண்டிக்கென்று ஒரு குறிப்பேடு வையுங்கள். நாள், கிலோமீட்டர், எத்தனை லிட்டர் டீசல், எப்போது எண்ணெய், எப்போது வடிகட்டி என்று எழுதி வரட்டும். வீட்டில் எழுதத் தெரிந்த பிள்ளையிடமே இந்த வேலையைக் கொடுக்கலாம். 2024 ஜூன் 10ஆம் நாள் தீபகற்ப மலேசியாவில் டீசல் விலை லிட்டருக்கு 2 ரிங்கிட் 15 காசிலிருந்து 3 ரிங்கிட் 35 காசாக உயர்ந்ததை நாம் மறக்கவில்லை. டீசலுக்குச் செலவிடும் ஒவ்வொரு ரிங்கிட்டும் எவ்வளவு தூரம் இழுத்தது என்பதை அந்தக் குறிப்பேடு சொல்லும். வண்டி முன்னைவிட அதிகம் குடிக்கிறதா, அல்லது நமக்கு அப்படித் தோன்றுகிறதா என்ற சந்தேகத்துக்கு அதில் விடை இருக்கும். பழைய வண்டி வாங்கும்போது இப்படி ஒரு குறிப்பேட்டைக் காட்டும் விற்பனையாளரை, பளபளக்கும் சாயத்தைக் காட்டுபவரைவிட நம்பலாம்.

நேயர்களே, இன்றைய பிக்கப் எஞ்சின் பொம்மையும் அல்ல, சாகாவரம் பெற்றதும் அல்ல. சுத்தமான டீசலும், காலத்தில் மாற்றிய எண்ணெயும் வடிகட்டியும், தாங்கும் பளுவும் கொடுத்தால் அது பல ஆண்டுகள் குடும்பத்தைத் தாங்கும். அடுத்த முறை யாராவது ஒருவர், “அந்த எஞ்சின் மோசம்” என்று சொன்னால், “எத்தனை வண்டியில் எத்தனை? எந்தப் பாகம்? எப்படி ஓட்டினார்கள்?” என்று கேளுங்கள். பதில் கிடைத்த பிறகு பணப்பையைத் திறங்கள்.